பனியன் அளவில் ஒரு சட்டை

விஜயராணி காலரை மறுபடியும் பிரித்தாள். இடது முனை ஒரு நூல் ஏறியிருந்தது. இன்னும் காஜா எடுக்கவில்லை, பட்டன் வைக்கவில்லை. முதல் பூசைக்கே மணி அடித்துவிட்டது. அடுத்த பூசை முடிந்ததும் நாத்தனார் குழந்தைக்கு ஞானஸ்நானம்.

வீட்டுக்கார அம்மா வேலாத்தாள் வாசலில் எட்டிப் பார்த்தாள்.

“ஏங்கண்ணு, வெடிஞ்சதுல இருந்து மிஷின் சத்தம் நிக்கவே இல்லியே. ஊட்டுக்காரருக்குச் சட்டையா, கம்பெனிக்குச் சாம்பிளா?”

“ரெண்டுந்தான் அக்கா. இது பாஸ் ஆனாத்தான் அவரு கோயிலுக்கே வருவாரு.”

வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனியில் அவளுக்கு டி-சர்ட்டுக்குக் கை வைக்கிற வேலை. ஓவர்லாக் மிஷினில் ஒன்றை ஓட்டி முடிப்பதற்குள் அடுத்தது மடியில் வந்து விழும். முழுச் சட்டை தைத்ததில்லை. பழைய சட்டை ஒன்றைத் துண்டுதுண்டாகப் பிரித்து, எது எதோடு சேர்கிறது என்று பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டாள்.

எல்லாம் கணவன் ஆரோக்கியராஜின் இடது தோளுக்காக. பைக்கிலிருந்து விழுந்து காறை எலும்பு முறிந்து, கூடியபோது தோள் இறங்கியே கூடிவிட்டது. எந்தச் சட்டையும் அந்தப் பக்கம் சரிந்தது. ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ, “என்ன மாப்ள, தராசு ஒரு பக்கம் எறங்கிருச்சு?” என்று கேட்க, பந்தியே சிரித்தது. அன்றிலிருந்து அவன் விசேஷங்களுக்குப் போவதில்லை. வேலைக்கு மட்டும் போவான், உடம்போடு வளைந்து கொடுக்கிற கருநீல டி-சர்ட்டில்.

இப்போது அவன் தங்கை நதியா தன் குழந்தைக்கு அவனைத்தான் ஞானத்தகப்பனாக நிற்கச் சொல்லியிருக்கிறாள். சட்டை சரியாக உட்கார்ந்தால் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லியிருந்தான்.

அளவெடுக்க அவன் நின்று கொடுக்கவில்லை. விஜயராணி அந்த டி-சர்ட்டை மேசையில் விரித்து, செக்கிங்கில் செய்வதுபோல நீவிவிட்டு, டேப் வைத்து அளந்துகொண்டாள். தோளுக்கு மட்டும் அவன் தூங்கும்போது விரலால் அளந்தாள். சட்டையின் இடது தோளுக்குள் மெல்லிய பஞ்சு வைத்தாள்.

கடைசி பட்டன் ஏறியதும் அவன் போட்டுப் பார்த்தான். கண்ணாடியில் இரண்டு தோளும் ஒரே கோட்டில் நின்றன. அவன் முகம் தெளிந்தது. விஜயராணிக்கு மூச்சு வந்தது.

“பிள்ளைய வாங்குற மாதிரி கையத் தூக்குங்க.”

தூக்கினான். அக்குளில் தையல் பிடித்தது. முழங்கை மார்பைத் தாண்டி வரவில்லை.

“இது ஆவாது ராணி. அந்த டி-சர்ட்ட எடு. நான் பின்னாடி நின்னுக்கிடுதேன். நதியா வேற ஆளப் பாக்கட்டும்.”

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பனியன் துணி உடம்போடு இழுபட்டு இடம் கொடுக்கும். அந்த அளவையே இம்மி பிசகாமல் இழுபடாத நெசவுத் துணியில் வெட்டியிருந்தாள். கை அசைய ஒரு விரல் அகலம்கூட விட்டுவைக்கவில்லை. கம்பெனியில் அப்படி விடுகிற வழக்கமே இல்லை.

கொடியிலிருந்து டி-சர்ட்டை உருவினாள். அவனிடம் கொடுக்கவில்லை. கத்தரி அதன் பக்கவாட்டில் ஏறியது.

“ஏட்டி! அது என் சட்டைட்டி! போட்டுக்கிட ஒண்ணுதான் கெடக்கு!”

“தெரியும். சட்டையக் கழட்டுங்க.”

“கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு?”

“ஆமா. சீக்கிரம் கழட்டுங்க.”

புதுச் சட்டையின் பக்கத் தையல்களை இடுப்பிலிருந்து அக்குள் வரை, அக்குளிலிருந்து முழங்கை வரை பிரித்தாள். அந்த இடைவெளியில் டி-சர்ட்டில் வெட்டிய கருநீலப் பட்டைகளை வைத்து ஓட்டினாள். நெசவுத் துணி விறைத்தது, பனியன் துணி வழுக்கியது. இரண்டையும் சமாதானம் செய்து ஊசிக்கு அடியில் தள்ளுவதற்குள் அவள் முதுகு நனைந்துவிட்டது. நதியாவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஆரோக்கியராஜ் வேட்டியோடு அறைக்குள் மேலும் கீழும் நடந்தான்; போட்டுக்கொள்ள வேறொன்றும் இல்லாமல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இளநீலச் சட்டை, கைக்கு அடியில் மட்டும் கருநீலம். போட்டான். தூக்கினான். கை தலைக்கு மேல் போனது.

“தையல் விட்டுப்போச்சுன்னா?”

“விடாது. வண்டிய எடுங்க.”

கோயிலில் ஞானத்தகப்பன் யாரென்று ஃபாதர் கேட்டதும் ஆரோக்கியராஜ் முன்னால் போய்க் குழந்தையை வாங்கினான். “அண்ணே, சட்டை என்ன ரெண்டு கலர்ல?” என்று நதியா கிசுகிசுத்தாள்.

“ஒங்க மைனியக் கேளு,” என்று சொல்லிக் குழந்தையைத் தொட்டிக்கு மேலே ஏந்தினான்.

தண்ணீர் விழுந்ததும் குழந்தை வீறிட்டது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். விஜயராணி மட்டும் அவன் இடது அக்குளை விட்டுக் கண் எடுக்கவில்லை. கருநீலப் பட்டை இழுபட்டது, சுருங்கியது, மறுபடி இழுபட்டது.

தையல் விடவில்லை.