அண்ணாச்சி விரலில் ஒரு பல்தடம்

அண்ணாச்சியின் வலது ஆள்காட்டி விரலில், நடுக்கணுவுக்குச் சற்று மேலே, ஒரு பல்தடம் இருக்கிறது. என் அப்பாவின் பல். கல்யாண வீடோ சாவு வீடோ, நாலு பேர் சேர்ந்துவிட்டால் அந்த விரல் உயர்ந்துவிடும். "கடிச்சான் பாத்தியளா, விட்டேனா நானு? உள்ள போனத பூரா வெளிய எடுத்துட்டுத்தான் கைய எடுத்தேன். என்ன செய்ய, அவன் விதி" என்பார். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்குக் காப்பி கொண்டுவருவாள்.

மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் படகுச் சாமான் கடை அவருடையது. அப்பா அங்கே வேலை பார்த்தார். பெயிண்டில் கலக்கும் தின்னரைக் காலித் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி விற்பது கடையின் வழக்கம். ஒரு சித்திரை வெயிலில் லோடு இறக்கிவிட்டு வந்த அப்பா, தண்ணீர் என்று நினைத்து அதில் ஒரு வாய் விழுங்கிவிட்டார். ஒரே வாய்தான். பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு நின்றவரை அண்ணாச்சி விடவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேசாயிரும்லே, கடைக்குச் சீல் வச்சிருவான். கக்கிட்டா சரியாயிரும்." உப்புக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? மூட்டையிலிருந்து கைநிறைய அள்ளிக் கரைத்து, இரண்டு பேரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஊற்றியிருக்கிறார். பிறகு விரல். இதெல்லாம் அவர் பெருமையாகச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அப்பா மூச்சுக்குத் தவித்துத் தவித்து இரண்டாம் நாள் செத்தார். நர்சிங் படிக்கப் போன இடத்தில்தான் காரணம் புரிந்தது. தின்னரோ மண்ணெண்ணெயோ குடித்தவரை வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வயிற்றிலேயே கிடந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். மேலே வரும்போது நுரையீரலுக்குள் இறங்கினால்தான் ஆபத்து. குழாய் விட்டுக் கழுவுவதுகூட வழக்கமில்லை. சும்மா உட்காரவைத்து மூச்சைக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான் வைத்தியம். சும்மா. அம்மாவிடம் சொன்னேன். "அண்ணாச்சி மட்டும் இல்லன்னா உங்கப்பா அன்னைக்கே போயிருப்பாரு. ஏளா, நன்றி கெட்டுப் பேசாத" என்றாள்.

போன மாதம், நான் வேலை பார்க்கும் அவசரப் பிரிவுக்கே அண்ணாச்சியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மறதியில் பிரஷர் மாத்திரைகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். "ஏளா, விரல விட்டு வெளிய எடுத்துருளா" என்று என்னிடமே சொன்னார். டாக்டர் கரித்தூள் கொடுக்கச் சொன்னார். வயிற்றில் கிடக்கும் மாத்திரையை ரத்தத்தில் கலக்கவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும் கரி அது. மை மாதிரிக் கரைத்தேன். ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்ட அவர் நீட்டியது அதே விரல். மாட்டினேன். "வாயத் திறங்க அண்ணாச்சி" என்றதும் குழந்தை மாதிரித் திறந்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தேன். பிழைத்துக்கொண்டார். அது என் வேலை. நான் மன்னித்துவிட்டதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டுக்குப் போகிற அன்று, பார்க்க வந்த அம்மா கட்டிலருகே நின்றுகொண்டிருந்தாள். அண்ணாச்சி பக்கத்துக் கட்டில்காரரிடம் அந்த விரலை நீட்டி, "கடிச்சான் பாத்தியளா" என்று ஆரம்பித்தார். அம்மா முந்தானையை எடுத்தாள். நான் மருந்துத் தட்டும் கையுமாக நின்று முழுக்கதையையும் கேட்டேன். அப்பா ஏன் கடித்தார் என்று இத்தனை வருஷத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.