திருச்சியிலிருந்து நான்கு மணி நேரம்

என் வீட்டுக்காரர் சொல்லும் எதையும் நான் ஒரே தடவையில் நம்பிவிடுவதில்லை. அவர் சிங்கப்பூரில், நான் மன்னார்குடியில். இப்படிக் குடித்தனம் நடத்துகிறவளுக்குச் சந்தேகம் வராமல் வேறென்ன வரும்?

அன்று அவர் விடுப்பு முடிந்து கிளம்பிய நாள். சாயங்காலம் நான்கு மணிக்கு மகளைப் பெண் பார்க்கத் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கூடமெல்லாம் பெட்டி கட்டிய சணல் கயிறும் அட்டைத் துண்டும் முறுக்குத் தூளும். ஆனால் பயணம் கிளம்பியவர் ஊர் போய்ச் சேரும்வரை எங்கள் பக்கத்தில் வீட்டைக் கூட்டமாட்டோம்; கூட்டினால் போனவருக்கு ஆகாது. திருச்சியில் பத்து மணிக்கு விமானம். சிங்கப்பூருக்கு நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. இரண்டரை மணி வாக்கில் தகவல் வந்ததும் கூட்டித் துடைத்துவிடலாம் என்று கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கே போன் வந்துவிட்டது.

"எறங்கிட்டேன். நீ வீட்ட கூட்டிக்க."

"அதுக்குள்ளயா?"

"காத்து பின்னாலேருந்து அடிச்சுது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருச்சியிலிருந்து இரண்டு மணி நேரத்தில் எந்த ஊர் வரும்? அங்கே யார் இருக்கிறார்கள்? இல்லை, வேலை போய்விட்டதை மறைக்கிறாரா? அந்தக் கோபத்திலேயே மூலை முடுக்கெல்லாம் கூட்டித் தள்ளினேன்.

என் முகத்தைப் பார்த்த மகள் செல்போனில் விமானத்தைத் தேடினாள். "அம்மா, ஃப்ளைட்டு லேட்டு. இப்பத்தான் திருச்சியிலேருந்து கெளம்பியிருக்கு."

அப்புறம்தான் விளங்கியது. லீவில் வந்தாலும் அவருடைய கைக்கடிகாரம் சிங்கப்பூர் நேரத்தில்தான் ஓடும். இங்கே பன்னிரண்டு என்றால் அதில் இரண்டரை. வருகிறவர்கள் முன்னால் வீடு குப்பையாகக் கிடக்கக் கூடாதென்று, விமானம் ஏறும் முன்பே, அந்தக் கடிகாரத்தைப் பார்த்து, இறங்கும் நேரம் ஆகிவிட்டதென்று பொய் சொல்லியிருக்கிறார்.

வேறு ஊரும் இல்லை, வேறு ஆளும் இல்லை. நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? ஆனால் அவர் தரையைவிட்டுக் கிளம்பவே இல்லை, நான் வீட்டைக் கூட்டிவிட்டேன்.

நான்கு மணிக்கு வந்த பையனின் அம்மா, பளபளவென்றிருந்த தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "பொண்ணோட அப்பா ஊர் போயி சேந்துட்டாங்களா?"

"சேந்துட்டாங்க" என்றேன். அவரைச் சந்தேகப்பட்ட அதே வாயால் அதே பொய்யைச் சொன்னேன். அதற்குப் பிறகு பேசியது எதுவும் காதில் ஏறவில்லை.

ஐந்து மணிக்கு மேல் போன் வந்தது. கொல்லைப்பக்கம் ஓடினேன்.

"பையன் வீட்டுல புடிச்சிருக்காமா?" என்றார்.

"அது கெடக்கட்டும். இப்பத்தானே எறங்குனீங்க?"

"ஆமா."

"இதுக்கு முன்னாடி எத்தன தடவ இப்படி ஏறும்போதே சொன்னீங்க?"

"வீடு குப்பையா கெடக்குமேன்னுதான்..." என்று இழுத்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வர்றவங்க குப்பைய மிதிச்சிக்கிட்டே வரட்டுங்க. நீங்க எறங்கினப்பறம் சொல்லுங்க."