மூன்றாவது விசில்

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் நிற்கிறேன். வேலை தேடிச் சிவகங்கையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறேன். பதினேழு வருஷம் ராணுவ லாரி இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டியவன் நான். மேனேஜர் எழுந்து கும்பிடுகிறார். "நாட்டுக்காக உழைச்சிருக்கீங்க, ரொம்ப நன்றிங்க" என்று சொல்லி வாட்ச்மேன் விசிலை நீட்டுகிறார். காலையிலிருந்து இது மூன்றாவது கம்பெனி, மூன்றாவது விசில். எரிச்சல் மண்டைக்கு ஏறுகிறது. வாங்காமல் வெளியே வருகிறேன்.

வாசலில் தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு ஒரு அம்மா டீ குடிக்கிறார். சூப்பர்வைசராம். உள்ளே மேனேஜர் பேசியது அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

"ஏனுங்க, மிலிட்டரியில என்ன வேலைங்க பாத்தீங்க?"

இதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி.

"இன்ஜின் மெக்கானிக்."

"அப்பறம் ஏனுங்க வாட்ச்மேன் வேலை கேக்கறீங்க?"

"நான் எங்கேம்மா கேட்டேன்? நன்றி சொல்லிட்டு எல்லாரும் அதைத்தான் குடுக்குறாக."

சிரிப்பில் அவருக்கு டீ புரையேறுகிறது.

"எனக்கு நன்றியெல்லாம் சொல்ல வராதுங்க. ஜெனரேட்டர் புகையாத் தள்ளுது, பாக்கற ஆளு போன வாரமே நின்னுட்டாருங்க. நீங்க சரி பண்ணுங்க, மேனேஜர்கிட்ட நான் பேசறேன்."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போகிறேன். ஏர் ஃபில்டரைக் கழற்றினால், ஒரு பனியன் தைக்கிற அளவுக்குப் பஞ்சு.