மாறியதை மட்டும்

அந்த ஆஸ்பத்திரியில் இன்டர்நெட்டைப் பார்த்துக்கொள்பவர் அவர்; 'தொடாதே சார்' என்றால்தான் தெரியும். இன்டர்நெட் கொஞ்சம் இழுத்தால் போதும், எந்தப் புண்ணியவானாவது போய் ரவுட்டரை அணைத்துவிடுவான். அவ்வளவுதான், நாலு மாடியும் ஐந்து நிமிஷம் ஊமையாகிவிடும். "தொடாதே!" என்று கத்திக்கொண்டே ஓடிவருவார் மனுஷர். பதினெட்டு வருஷமாக இதே கத்தல்.

துடைப்பமும் வாளியும் வைத்திருந்த அறையைத்தான் அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். பினாயில் வாடை இன்னும் போகவில்லை. ரவுட்டரின் அமைப்புகள் எழுதிய ஃபைலை அங்கே உட்கார்ந்து திறப்பார், திருத்திச் சேமிப்பார், 'ரீலோட்' கொடுப்பார். ஓடிக்கொண்டிருப்பதையும் ஃபைலில் இருப்பதையும் ரவுட்டர் ஒப்பிட்டுப் பார்த்து, மாறியதை மட்டும் நிறுத்தி மறுபடி ஓட்டும். மற்ற இடங்களில் ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. "ஒரு பல்பை மாத்த யாராவது மெயினை அணைப்பாங்களா?" என்று கேட்பார். பெருமைதான். பாவம், பெருமைப்பட அவருக்கு வேறு என்ன இருந்தது?

கூடப் பிறந்த ஒரே அண்ணன் அவரோடு பேசி நாலு வருஷம் ஆகிறது. அப்பா இறந்த அன்று பார்த்து இங்கே மின்சாரம் தாறுமாறாகி எல்லாம் படுத்துவிட்டது. சரிசெய்துவிட்டுப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. "போ, போய் அந்த வயரையே கட்டிக்கிட்டு அழு" என்று வாசலோடு அனுப்பிவிட்டார் அண்ணன்.

அதே அண்ணன்தான் இப்போது நுரையீரல் தொற்றோடு இங்கே தனி வார்டில் கிடந்தார். உள்ளே யாரையும் விடுவதில்லை. முகம் பார்த்துப் பேசக் கட்டிலருகே ஒரு டேப்லெட், கீழே பார்வையாளர் அறையில் ஒன்று. தினமும் பதினொரு மணிக்கு அண்ணி வந்து அதில் பேசுவார். தம்பிக்காரர் கதவோரம் நின்று, "என்கூடப் பேசறாரான்னு கேளுங்க அண்ணி" என்பார். அண்ணியும் கேட்பார். "வேணாம்" என்று இருமலுக்கு நடுவே குரல் வரும். ஆனாலும் மறுநாள் வந்து நிற்பார். அண்ணன் ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும் அவருக்கு.

அன்று அவர் கதவோரம் வந்து நிற்பதற்குள் வரவேற்பு மேசைப் பெண் பிடித்துக்கொண்டாள். "சார், விசிட்டர் வைஃபை பாஸ்வேர்டு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. மாத்திக் குடுங்களேன்."

ஒரே ஒரு சொல்தானே! அறைக்குப் போய் மாற்றினார், ரீலோட் கொடுத்தார். எங்கிருந்தும் சத்தமில்லை. அவள் கைபேசியில் புதுப் பாஸ்வேர்டைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து நர்ஸ் போனில் கூப்பிட்டாள். "சார், தனி வார்டுல மட்டும் லைன் இல்ல."

"நான் அந்தப் பக்கம் கையே வைக்கலையேம்மா. கேபிளைப் பிடுங்கி மாட்டு."

கேபிளைச் சந்தேகப்பட்டார், டேப்லெட்டைச் சந்தேகப்பட்டார், சுவரிலிருந்த பிளக்கைக்கூட விடவில்லை. தன்னை மட்டும் சந்தேகப்படவே இல்லை. கடைசியில்தான் ஃபைலைத் திறந்தார்.

இரண்டு வாரம் முன்பு அந்த வார்டை மூன்றாம் மாடிக்கு மாற்றுவதாக இருந்தது. அதற்கான புது இணைப்பை ஃபைலில் எழுதிச் சேமித்து வைத்திருந்தார். இடமாற்றம் தள்ளிப்போக, ரீலோட் கொடுக்கவில்லை. பழையபடி திருத்தவும் இல்லை. ரீலோட் கொடுக்காதவரை அது வெறும் எழுத்துதானே என்று விட்டுவிட்டார். இன்று ரவுட்டர் ஒப்பிட்டுப் பார்த்தது. மாறியவை இரண்டு. இரண்டையும் அமல்படுத்தியது; வார்டின் லைன் ஆளில்லாத மூன்றாம் மாடிக்குப் போய்விட்டது. மற்றதெல்லாம் ஜோராக ஓடியதால் வேறு யாரும் கத்தவில்லை. அடப்பாவி மனுஷா, ஃபைலை ஒருதரம் மேலிருந்து கீழே படித்திருக்கக் கூடாதா!

பழையபடி ஆக்கி ரீலோட் கொடுத்தபோது இருபத்தைந்து நிமிஷம் போயிருந்தது. மூச்சிரைக்கப் பார்வையாளர் அறைக்கு ஓடினார். டேப்லெட்டில் படம் வந்திருந்தது. கட்டிலைச் சுற்றி நின்றவர்களிடம் அவசரம் எதுவும் இல்லை. ஒருத்தி குழாய்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

அண்ணி அழவில்லை. "உங்களைத்தான் தம்பி கேட்டாரு. 'அவனைக் கூப்பிடு'ன்னாரு. உங்களைத் தேடி எழுந்தேன், திரும்பிப் பாத்தா படம் போயிடுச்சு. ஏன் போச்சு தம்பி?"

லைன் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? "நான்தான் அண்ணி. என் தப்புதான்" என்றார்.

அண்ணி டேப்லெட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"பேசுங்க. இனிமே வேணாம்னு சொல்ல மாட்டாரு."