நாலாவது சக்கரம்

எங்கள் சித்தப்பாவின் கார் ஓடுவதைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. நிற்பதைப் பற்றித்தான் பேச்செல்லாம். அவரைவிட வயதில் மூத்த வண்டி அது. பெட்டி போன்ற உடம்பு, வட்ட விளக்குகள். அதற்குள் வேறொரு பெரிய காரின் இன்ஜினைத் தூக்கி வைத்திருந்தார். வார நாட்களில் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேனை ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமையானால் இந்தக் காருக்கு அடியில் கிடப்பார். அந்தப் பக்கம் மெட்ரோ வராத காலம்.

பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டிலிருந்து சரிந்து இறங்கும் ஒரு சந்தில் குடியிருந்தோம். நான் மூன்றாவது படிக்கும்போது அப்பா போய்விட்டார். சாகவில்லை, போய்விட்டார், அவ்வளவுதான். அதன்பிறகு வாடகை சித்தப்பா பொறுப்பு, சோறு அம்மா பொறுப்பு. அம்மா கார்மெண்ட்ஸில் டெய்லர். சட்டைக்குக் காலர் வைப்பது அவள் வேலை.

இன்ஜின் மாற்றிய புதிதில் அம்மாவை ஒருமுறை காரில் ஏற்றிப் போனார். ஸ்பீடு பிரேக்கருக்கு முன்னால் மிதித்த பிரேக், அதைத் தாண்டிய பிறகு பிடித்தது. ஸ்டியரிங்கைக் கால்வாசி சுற்றிய பிறகுதான் சக்கரம் திரும்பலாமா என்று யோசிக்கத் தொடங்கும். அம்மா அங்கேயே இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தாள். இனிமேல் அதில் ஏறுவதில்லை என்றும் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து சித்தப்பாவுக்கு ஆர்.டி.ஓ. ஆபீசு கொடுக்கும் தகுதிச் சான்று ஒரு பொருட்டாக இல்லை. "அண்ணி ஏறி ஒக்காந்தாங்கன்னா அதான் எனக்கு எஃப்சி" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

சிவாஜிநகர் குஜிரியில் பழைய இரும்பு விற்கும் ஒரு பாய் இருந்தார். அடிபட்டு வந்த புதுக் கார் ஒன்றிலிருந்து முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும், சக்கரங்களைத் திருப்பும் ஒரு ஸ்டியரிங் ரேக்கும் அவரிடம் கிடைத்தன. "நீ காருக்கு பிரேக் வாங்குறியா, பிரேக்குக்கு கார் வெச்சிருக்கியா?" என்று பாய் கேட்டாராம். அந்தக் கேலியையும் சேர்த்துத்தான் சித்தப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

நாலு ஞாயிற்றுக்கிழமை ஸ்டியரிங்குக்கே போனது. அந்த ரேக் இந்த வண்டியில் உட்காராது. பட்டை வெட்டி, வெல்டிங் வைத்து, அளந்து, மறுபடி வெட்டி, தனியாகவே செய்து முடித்தார். முடிந்த அன்று ஒற்றை விரலால் ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டினார். அம்மா வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல், நிக்குமா என்று மட்டும் கேட்டாள். ஆயுத பூஜையன்று பூஜை முடிந்ததும் அவளை முன் சீட்டில் உட்காரவைத்து ஒரு சுற்று போய்வருவதாகச் சித்தப்பா சவால் விட்டார். அம்மா சரி என்றாள். அவள் சரி என்று சொன்னதைச் சந்தில் பத்துப் பேராவது கேட்டார்கள்.

ஆயுத பூஜை காலையில் பிரேக்கில் ஒரே ஒரு வேலை பாக்கி. ஏர் எடுக்க வேண்டும். பிரேக் குழாய்க்குள் காற்று இருந்தால் மிதிப்பது சக்கரத்துக்குப் போய்ச் சேராது. அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் சக்கரத்தின் பக்கத்தில் படுத்து, நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து, காற்றோடு ஆயில் பீய்ச்சியதும் மூட வேண்டும். மூடுவதற்குள் காலை எடுத்தால் வெளியே போன காற்று உள்ளே திரும்பிவிடும். உள்ளே உட்கார என்னைக் கூப்பிட்டார். நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன், கால் எட்டியது.

"பாப்பா, காத்து இருந்தா மொத மிதி பஞ்சு மாதிரி போவும். சேர்ந்தாப்ல நாலஞ்சு மிதிச்சா கல்லு மாதிரி நிக்கும். அத நம்பாத, அது பொய்யி. கொஞ்ச நேரம் வுட்டா திரும்பவும் பஞ்சுதான்" என்று சொல்லிக்கொடுத்தார்.

மூன்று சக்கரத்துக்கு ஒழுங்காக மிதித்தேன். நாலாவது, டிரைவர் பக்கத்து முன் சக்கரம். சித்தப்பா ஒரு டம்ளரைப் பிடித்தபடி தரையில் படுத்து, பிடி என்றார். பிடித்தேன். அப்போது வீட்டு ஓனரின் மகள் பூஜைக் கடலேபுரியைத் தட்டில் அள்ளிக்கொண்டு எதிர்ப்பக்க ஜன்னலுக்கு வந்தாள். பொரியும் பொட்டுக்கடலையும் சின்னச் சின்ன மிட்டாயும் கலந்து கிடந்தன. எக்கிக் கை நீட்டினேன். கால் தூக்கிக்கொண்டது.

"வுட்டியா பாப்பா?"

"இல்ல சித்தப்பா."

ஸ்பேனர் கல்லில் பட்டது கேட்டது. மறுபடி கேட்டார்.

"வுடலியே?"

"வுடல சித்தப்பா. புடிச்சிக்கினுதான் இருக்கேன்."

நிப்பிளை இறுக்கிவிட்டு எழுந்து கை கழுவப் போனார். வந்ததும் பெடலை மிதித்துப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். அவர் பொய் என்று சொல்லிக்கொடுத்ததைச் செய்தேன். குழாய்த் தண்ணீர் சத்தம் நிற்கும்வரை விடாமல் மிதித்தேன். அவர் வந்து உட்கார்ந்து மிதித்தபோது பெடல் கல்லாக நின்றது. என் தலையில் தட்டிக்கொடுத்தார். கையில் சோப்பு வாசனை.

பூஜைக்கு ஒரு மணி நேரம் ஆனது. காருக்குச் சந்தனம், குங்குமம், முன்னால் இரண்டு வாழைக்கன்று. சூடம் காட்டினார்கள். பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அந்த நேரமெல்லாம் பெடல் பஞ்சாகிக்கொண்டிருக்கும் என்று நினைத்தபடியே நின்றேன். சொல்ல ஒரு மணி நேரம் இருந்தது.

அம்மா பட்டுப்புடவையில் வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். சந்திலிருந்தவர்கள் கை தட்டினார்கள். ஓனரம்மா கன்னடத்தில் ஏதோ கேலி சொல்ல, அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். என்னையும் ஏறச் சொன்னாள். வயிறு வலிக்கிறது என்றேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மா ஏறுவதைத் தடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் ஏறாமலிருக்க மட்டும் புத்தி இருந்தது.

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. கார் சரிவில் இறங்கியது. பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது, திரும்ப எரிந்தது. வண்டி வேகம் குறையவில்லை. கீழே திருப்பத்தில் நடுச்சந்தில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். ஹேண்ட் பிரேக் கிறீச்சிட்டும் நிற்கவில்லை. சித்தப்பா ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டி உடனே கேட்டது. கோலத்தின் ஓரத்தை மட்டும் அழித்துக்கொண்டு, காலி மனையின் காம்பவுண்டுச் சுவரில் போய் மோதியது. அவர் தனியாகச் செய்த வேலை அத்தனை பேரையும் காப்பாற்றியது. என்னை வைத்துச் செய்த வேலைதான் கைவிட்டது.

அம்மா முன்பக்கம் கையை ஊன்றியிருந்தாள். வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. காலர் தைக்கிற கை.

கூட்டம் சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டது. குஜிரி சாமானைப் போட்டு ஊரைக் கொல்லப் பார்த்தான் என்று ஓனர் கத்தினார். சித்தப்பா யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"நாலாவது வீலுக்கு ஏர் எடுக்கல. அவசரத்துல மறந்துட்டேன். தப்பு என்னுது."

அம்மா அழவில்லை. உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, "நம்பி ஏறுனேன் தம்பி" என்றாள். அதற்குப் பிறகு அவரிடம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அந்த மாதமே கார் எடை போட்டு அதே பாயிடம் போனது. அடுத்து சித்தப்பாவும் ஓசூர் பக்கம் ஒரு லாரி ஷெட்டுக்குப் போய்விட்டார். அம்மாவின் கை கூடியது, ஆனால் காலர் வைக்கும் வேகம் திரும்பவில்லை. பட்டன் வைக்கும் டேபிளுக்கு மாற்றினார்கள். சமைக்க நான் வீட்டில் நின்றேன். நின்றது நின்றதுதான், பள்ளிக்கூடம் அத்தோடு சரி. பிறகு திருப்பூர், புனே, சூரத் என்று எங்கெங்கோ இருந்தேன். வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். இப்போது சரக்கு டெம்போ ஓட்டுகிறேன்.

போன வருஷம் நாக்பூர் ரோட்டில் பிரேக் ஓஸ் பைப்பை மாற்றிவிட்டு நானே கீழே படுத்து ஏர் எடுத்தேன். கூட ஓட்டும் அண்ணன் உள்ளே பெடலைப் பிடித்திருந்தார். அவர் செருப்பு வழுக்கிவிட்டது. நிப்பிள் வாயில் நின்ற ஆயில், யாரோ உறிஞ்சியதுபோல, என் கண்ணெதிரே உள்ளே போனது. வண்டியோரம் தார் ரோட்டில் அப்படியே கிடந்தேன்.

கீழே படுத்திருப்பவர் கண்ணுக்கு அது தப்பவே தப்பாது. சித்தப்பா தெரியாமல் கேட்கவில்லை. பார்த்துவிட்டுத்தான் கேட்டார். இரண்டு தடவை கேட்டார். நான் இரண்டு தடவை இல்லை என்றதும், தன் கண்ணை விட்டுவிட்டு என் வார்த்தையை எடுத்துக்கொண்டார். அதை நம்பித்தான் அண்ணியை ஏற்றினார். நாலாவது சக்கரம் என்று கூட்டத்தின் முன்னால் அவர் சரியாகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நானும் அங்கேதான் நின்றேன். கையில் கடலேபுரி இருந்தது. மாட்டிக்கொள்ளவில்லை என்பது மட்டும்தான் அன்றைக்கு எனக்குப் புரிந்தது.