மானிட்டரில் தங்கிவிட்ட மஞ்சள்

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்குக் காரைக்குடி வீட்டிலிருந்தே டிசைன் போட்டுக் கொடுக்கிறேன். எனக்கும் கணவருக்கும் ஒரே மானிட்டர்தான்; அவரவர் லேப்டாப்பை மாற்றி மாற்றி அதில் இணைத்துக்கொள்வோம். அன்று அதில் டிசைனின் வெளிர்சாம்பல் நிறம் மஞ்சளடித்தது. நீலத்தைக் கூட்டிச் சரிசெய்து அனுப்பினேன்.

பட்டறைக்காரர் போன் செய்தார். "ஏம்மா, சாம்பல்னு சொல்லிட்டு நீலமாவுல்ல அனுப்பியிருக்கீக? கலவை போடப் போறோம்!"

நல்லவேளை, கேட்டார். என் விண்டோஸ் லேப்டாப்பைக் குடைகுடையென்று குடைந்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. நான் கத்திய கத்தலில் கணவர் எட்டிப் பார்த்தார்.

"கண்ணு கூசுதுன்னு நாந்தேன் என் லினக்ஸ் லேப்டாப்புல இருந்து மானிட்டரோட செட்டிங்கையே மாத்தி மஞ்சளாக்குனேன். உன் லேப்டாப்ப தொடவே இல்லையே!"

தொட வேண்டுமா என்ன? அவர் மாற்றியது மானிட்டருக்குள்ளேயே தங்கிவிட்டது!

இப்போதெல்லாம் பக்கத்தில் ஒரு வெள்ளை டைல்ஸை வைத்து, திரையின் வெள்ளை அதோடு ஒத்துப்போனால்தான் வேலையைத் தொடங்குகிறேன். கண் கூசுகிறவருக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தாயிற்று.