யானை ஏறிய லாரி

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். தனியாளாக நாமக்கல்லில் பட்டறை போட்டு, நூற்றுக்கணக்கான லாரிகளுக்குப் பாடி கட்டினேன். இன்று டெல்லியில் ஒரு மிருகக்காட்சி சாலையைச் சுற்றிப் பார்க்க வந்தால், அதில் ஒன்று உள்ளே நிற்கிறது. பெரிய மிருகங்களுக்கு இங்கே இடம் போதாதென்று சரணாலயத்துக்கு அனுப்புகிறார்கள். கடைசி யானை ஏற மறுக்கிறது. கால் வைத்தால் இரும்புத் தளம் அதிர்கிறது.

“காலையிலேர்ந்து இதே நக்ராதான், ஒரே அடம் அங்கிள்,” என்கிறார் டெல்லித் தமிழரான பாகன்.

“அதோட கொட்டில் மண்ணை அள்ளித் தளத்துல பரப்புப்பா. எத்தனை பாரம்னாலும் என் பாடி தாங்கும்.”

பரப்புகிறார்கள். யானை மண்ணை மோந்து பார்த்து, நிதானமாக ஏறுகிறது.

“அச்சா! யாரு அங்கிள் நீங்க?”

லாரியின் பின்னால் எழுதிய என் பெயரை வழியனுப்பு பேனர் மறைத்திருக்கிறது.

“அதை ஒரு முழம் தூக்கிக் கட்டுப்பா. யானையோட என் பேரும் காடு வரைக்கும் போகணும்.”